வெட்டிக் கொடுத்த கல்லீரல் உண்மையிலேயே முழுதாக வளர்ந்துவிடுகிறதா?

கடல்நுரை எழுதியது:

என் தந்தைக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்று முடிவாகிவிட்டது. இறந்தவரிடமிருந்து கிடைக்கும் உறுப்புக்காகக் காத்திருக்க அவருடைய உடல்நிலை இடம் தராது என்பதால், 29 வயதான என் தம்பி தன் கல்லீரலின் வலது மடலைக் கொடுக்க முன்வந்திருக்கிறான். பரிசோதனைகள் ஏறத்தாழ முடிந்துவிட்டன. நேற்று எங்களை உட்கார வைத்துப் பேசிய ஒருங்கிணைப்பாளர், "கவலையே வேண்டாம், இரண்டு மாதத்தில் பழையபடி முழுதாக வளர்ந்துவிடும்" என்றார். உறவினர்கள் ஒருபடி மேலே போய், நகமும் முடியும் வெட்ட வெட்ட வளர்வதில்லையா என்று கேட்கிறார்கள். தம்பி எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்கிறான்.

ஆனால் அவன் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவத்தில் "மீதமிருக்கும் கல்லீரல்: 35.6%" என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வளர்கிறது என்றால் எது வளர்கிறது? வெட்டியெடுத்த மடலே திரும்ப வந்துவிடுகிறதா? இரண்டு மாதம் என்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள்? வளர்ந்து முடியும்வரை அந்த மூன்றில் ஒரு பங்கு ஈரல் ஒரு முழு உடம்பின் வேலையைச் செய்துவிடுமா? ஆறுதல் சொல்லப் பலர் இருக்கிறார்கள். எனக்கு விவரம்தான் வேண்டும்.

நிழற்படம் எழுதியது:

கடல்நுரை அவர்களுக்கு, நான் மருத்துவர் அல்லன். கொடையாளர்களின் ஸ்கேன் படங்களிலிருந்து கல்லீரலின் கன அளவைக் கணக்கிடும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். உங்கள் தம்பியின் படிவத்தில் உள்ள அந்த 35.6 என்ற எண் என்னைப் போன்ற ஒருவரின் மேசையிலிருந்துதான் வந்திருக்கும். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மருந்து செலுத்தி எடுத்த சி.டி. படத்தில், ஒரு சில மில்லிமீட்டர் இடைவெளியில் வரும் ஒவ்வொரு துண்டுப் படத்திலும் கல்லீரலின் ஓரத்தைக் கோடிட்டு, எந்த இடத்தில் வெட்டப் போகிறார்களோ அந்தக் கோட்டையும் வரைந்து, இரு பக்கத்தின் பரப்புகளையும் கூட்டிக் கன அளவாக மாற்றுகிறோம். மென்பொருள் பாதி வேலையைச் செய்துவிடும்; பித்தப்பையையும் பெரிய இரத்தக்குழாய்களையும் அது கல்லீரலோடு சேர்த்து எண்ணிவிடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. இப்படிக் கணக்கிடும்போது வலது மடல் பெரும்பாலோருக்கு மொத்தத்தில் 60 முதல் 65 சதவீதம் வரை வரும். ஆனால் இதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிக அதிகம். வலது மடல் 72 சதவீதம் இருந்த ஒருவரை நானே அளந்திருக்கிறேன். அவர் நல்ல உடல்நலத்தோடு இருந்தார், மனைவிக்குக் கொடுக்கத் துடித்தார், இருந்தும் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏனென்றால் கொடையாளரிடம் குறைந்தது 30 சதவீதமாவது மீதமிருக்க வேண்டும் என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் வரம்பு. சில இடங்களில் 35 என்று இன்னும் இறுக்கமாக வைத்திருக்கிறார்கள். உங்கள் தம்பி இரண்டு வரம்புக்கும் மேலே இருக்கிறார்.

மொத்தம் எத்தனை மில்லி லிட்டர், தந்தையின் எடை என்ன என்று தெரிவித்தால் இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.

கடல்நுரை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. அறிக்கையில் மொத்தம் 1,180 மி.லி., வலது மடல் 760 மி.லி., மீதி 420 மி.லி. என்று இருக்கிறது. நடுக் கல்லீரல் சிரை தம்பியிடமே விடப்படும் என்றும் எழுதியிருக்கிறார்கள். அப்பாவின் எடை 68 கிலோ. அதில் வயிற்றில் கோத்திருக்கும் நீரும் அடக்கம்.

நிழற்படம் எழுதியது:

பெறுநரின் பக்கக் கணக்கு இது: கொடுக்கப்படும் ஈரலின் எடை, பெறுபவரின் உடல் எடையில் 0.8 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது பொதுவான அளவுகோல். 760 மி.லி.யை ஏறக்குறைய 760 கிராம் என்று கொண்டால், 68 கிலோவுக்கு அது 1.1 சதவீதத்துக்கும் சற்று மேல். வெட்டியெடுத்து இரத்தத்தைக் கழுவித் தராசில் வைக்கும்போது நாங்கள் கணித்ததைவிடப் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும், ஏனெனில் படத்தில் ஈரல் இரத்தம் நிறைந்த நிலையில் இருக்கிறது. 690 கிராம் என்று வந்தாலும்கூட 1 சதவீதம் தேறுகிறது. நீர் வடிந்தபின் உங்கள் தந்தையின் உண்மையான எடை 68ஐவிடக் குறைவு என்பதால் விகிதம் இன்னும் சாதகமாகவே இருக்கும்.

நடுச் சிரையைக் கொடையாளரிடமே விடுவது அவருக்கு நல்லது. இடது மடலின் ஒரு பகுதியிலிருந்து இரத்தம் அதன் வழியாகத்தான் வெளியேறுகிறது. வடிகால் சரியாக இல்லாத ஈரல்பகுதி அளவில் இருந்தும் வேலைக்கு உதவாது, சரியாக வளரவும் செய்யாது. எனவே 420 என்ற அளவு ஒருபுறம் இருக்கட்டும், அந்த 420க்கும் இரத்தம் போகவும் வரவும் நல்ல வழி இருப்பதுதான் எனக்கு அதைவிடத் தெம்பு தருகிறது.

ஐயந்தீரான் எழுதியது:

நான் ஒரு நேரடியான கேள்வி கேட்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்லீரல் முழுதாக வளர்ந்துவிடும் என்பது உண்மையானால், ஒருவர் ஏன் மறுமுறை கொடுக்க முடிவதில்லை? இரண்டு ஆண்டுகள் கழித்து இன்னொரு உறவினருக்கு வலது மடலை மீண்டும் வெட்டிக் கொடுக்கலாமே? கொடுக்க விடுவதில்லை என்றால், வளர்ச்சியைப் பற்றிச் சொல்லப்படுவதில் ஏதோ ஒரு மிகை இருக்கிறது என்றுதானே பொருள்?

செல்பிரிவு எழுதியது:

ஐயந்தீரான் அவர்களின் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது. "வலது மடலை மீண்டும்" என்கிறீர்கள். மீண்டும் வெட்ட அங்கே வலது மடல் இருக்காது.

பல்லியின் வால் அறுந்தால் அறுந்த இடத்திலிருந்தே புதிய வால் முளைக்கிறது. கல்லீரலில் நடப்பது அதுவன்று. வெட்டப்பட்ட பரப்பு தழும்பாக ஆறிவிடுகிறது, அங்கிருந்து எதுவும் முளைப்பதில்லை. எஞ்சியிருக்கும் மடல்தான் எல்லாத் திசையிலும் பருத்து, இழந்த நிறையை ஈடுசெய்கிறது. நம் வழக்கில் மீளுருவாக்கம், மறுவளர்ச்சி என்றெல்லாம் எழுதினாலும், துறைசார்ந்தவர்கள் இதை ஈடுசெய் வளர்ச்சி என்று பிரித்துச் சொல்வதற்குக் காரணம் இதுதான். 1931இல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் எலிகளின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை அகற்றும் முறையை விவரித்தார்கள். எலியின் கல்லீரல் தனித்தனி மடல்களாகப் பிரிந்திருப்பதால் சில மடல்களை அடியோடு கட்டி நீக்கிவிட முடியும். ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் பழைய நிறை திரும்பிவிடுகிறது. ஆனால் வயிற்றைத் திறந்து பார்த்தால் நீக்கிய மடல்கள் இருக்காது, விட்டுவைத்த மடல்கள் பெருத்திருக்கும். ஏறத்தாழ நூறாண்டுகளாக உலகெங்கும் அதே சோதனை இந்த ஆராய்ச்சிக்கு அடித்தளமாக இருந்துவருகிறது.

மனிதரிலும் அப்படியே. பிரெஞ்சு அறுவை மருத்துவர் கினோ 1957இல் வகுத்தபடி கல்லீரலை எட்டுக் கூறுகளாகப் பார்த்தால், வலது மடலைக் கொடுத்தவரிடம் 5 முதல் 8 வரையிலான கூறுகள் வாழ்நாள் முழுவதும் இல்லை. மீதமிருக்கும் கூறுகள் பெரிதாகியிருக்கும். அவற்றுக்கு உள்ளே, குடலின் இரத்தத்தை ஈரலுக்குக் கொண்டுவரும் வாயில்சிரையின் கிளை ஒன்று, பித்தநாளம் ஒன்று. செல்கள் பெருகினாலும் வாயிலில் புதிதாக ஒரு கிளை பிரிந்து வருவதில்லை. ஒரு கொடைக்கு இரண்டு கிளைகள் வேண்டும், ஒன்றை எடுத்து ஒன்றை விட வேண்டும். அந்தப் பிரிவு ஏற்கனவே செலவாகிவிட்டது. போதாததற்கு முதல் அறுவையால் உள்ளே உறுப்புகள் தழும்போடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும்.

நகத்தோடும் முடியோடும் ஒப்பிடும் உறவினர்களிடம் இதைச் சொல்லுங்கள். ஒரு மரத்தின் இரண்டு பெருங்கிளைகளில் ஒன்றை வெட்டினால் மற்றது அடர்ந்து தழைத்து அதே அளவு நிழல் தரக்கூடும், ஆனால் வெட்டிய கிளை வெட்டியதுதான்.

மூன்றாம்வருடம் எழுதியது:

என் அக்காவுக்கு வலது மடலைக் கொடுத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கொடுத்தவனின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

வளர்ச்சியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வளர்கிற நாட்களில் உடம்பு எப்படி இருக்கும் என்பதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அறுவை முடிந்த மறுநாள் காலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் விழித்தபோது வலியைவிட அதிகமாக உணர்ந்தது ஓர் அசதி. கையைத் தூக்கிக் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொள்வதற்கே மூச்சு வாங்கியது. இரண்டாம் நாள் என் கண்ணின் வெள்ளையில் மெல்லிய மஞ்சள் ஏறியிருப்பதைச் செவிலியர் காட்டினார். அதைக் கண்டு என் மனைவி பயந்துபோனாள், நோய் அக்காவிடமிருந்து எனக்கு வந்துவிட்டதோ என்றுகூடக் கேட்டாள். அந்த மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் அன்று 3.4. நான்காம் நாள் 2.1, ஏழாம் நாள் 1.2. இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். முதல் நாள் 1.9 வரை ஏறி, ஒரு வாரத்தில் 1.2க்கு இறங்கியது. இந்த எண்களை என் மனைவி ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்ததால்தான் இன்று சொல்ல முடிகிறது.

யாரும் எதிர்பார்க்காத ஒன்று பாஸ்பேட். மூன்றாம் நாள் அது மிகவும் தாழ்ந்துவிட்டது என்று சொல்லி நரம்பு வழியாக ஏற்றினார்கள். என் கை கால்கள் துவண்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்றார் பணி மருத்துவர். ஈரல் வளர்வதற்குப் பாஸ்பேட்டைத் தின்கிறது என்று அவர் விளக்கம் தந்தார்.

எட்டாம் நாள் வீடு திரும்பினேன். ஆறு வாரம் வாளித் தண்ணீரைக்கூடத் தூக்கக் கூடாது என்றார்கள். அது ஈரலுக்காக அன்று, வயிற்றுச் சுவரில் குடலிறக்கம் வந்துவிடக் கூடாது என்பதற்காக. பத்தாவது வாரம் அலுவலகம் சென்றேன், மதியத்துக்கு மேல் நாற்காலியிலேயே தூங்கிவிழுந்தேன். உண்மையில் பழைய ஆளாக உணர ஆறு மாதம் பிடித்தது. உங்கள் தம்பியிடம் "இரண்டு மாதம்" என்று சொல்லி வைக்காதீர்கள். ஒன்பதாவது வாரத்தில் களைப்பாக இருந்தால் தனக்கு ஏதோ தவறாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வான். நான் அப்படித்தான் நினைத்தேன்.

செல்பிரிவு எழுதியது:

மூன்றாம்வருடம் அவர்கள் நாட்காட்டியிலிருந்து எடுத்துத் தந்த எண்கள் ஒரு பாடநூல் படம் போல இருக்கின்றன. பாஸ்பேட் பற்றி மட்டும் ஒரு சிறு திருத்தம். வளரும் ஈரல் அதை உறிஞ்சுகிறது என்றுதான் நீண்டகாலம் நம்பினார்கள். பிறகு சிறுநீரை அளந்து பார்த்தபோது, அறுவைக்குப் பிறகு சிறுநீரகங்கள் பாஸ்பேட்டை வழக்கத்துக்கு மேல் வெளியேற்றுவது தெரிந்தது. இழப்பின் பெரும்பகுதி அந்த வழியில்தான். பணி மருத்துவர் பழைய விளக்கத்தைச் சொல்லியிருக்கிறார், செய்த சிகிச்சை சரியானதே.

இனி அந்த முதல் நாட்களில் உள்ளே நடப்பது என்ன என்பது. கல்லீரலுக்குள் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இரத்தம் பாய்கிறது. அதில் முக்கால் பங்கு குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வாயில்சிரை வழியாக வருவது. மூன்றில் இரண்டு பங்கு ஈரலை எடுத்துவிட்டதால் குடல் அனுப்பும் இரத்தம் குறைந்துவிடுவதில்லை; அந்த வெள்ளம் முழுவதும் மீதியிருக்கும் மூன்றில் ஒரு பங்குக்குள் புகுந்தாக வேண்டும். ஒவ்வொரு கிராம் ஈரலுக்கும் பாய்ச்சல் ஏறக்குறைய மூன்று மடங்கு. நுண்குழாய்களின் சுவரில் ஏற்படும் அந்த உராய்வே முதல் சமிக்ஞைகளில் ஒன்று. அதோடு ஈரலிலேயே இருக்கும் காவல் செல்களான குப்பர் செல்களிலிருந்து வெளிவரும் இன்டர்லூக்கின்-6 போன்ற சமிக்ஞைப் புரதங்கள் ஈரல் செல்களை ஆயத்தப்படுத்துகின்றன. ஈரல் செல் வளர்ச்சிக் காரணியும் அதைச் சார்ந்த பிறவும் பிரிவைத் தூண்டுகின்றன. தேவையான நிறை வந்ததும் வளர்ச்சி நின்றுவிடுகிறது. இதில் டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற புரதத்துக்குப் பங்கு உண்டு, ஆனால் நிறுத்தும் பொறி அது ஒன்று மட்டுமன்று.

இதற்கெல்லாம் தண்டு செல்கள்தான் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். நலமான ஈரலில் அப்படி இல்லை. ஏற்கனவே வேலை செய்துகொண்டிருக்கும் முதிர்ந்த ஈரல் செல்களே, புரதம் தயாரிப்பதையும் நஞ்சு நீக்குவதையும் கைவிடாமல், இடையிடையே பிரிகின்றன. கணக்கு போட்டுப் பார்த்தால் இது பெரிய சாதனையும் அன்று: மூன்றில் ஒரு பங்கு முழுதாக வேண்டுமானால் ஒவ்வொரு செல்லும் சராசரியாக இரண்டு முறைகூடப் பிரியத் தேவையில்லை. செல்கள் பிரிவதற்கு முன்பே பருக்கவும் செய்கின்றன. 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் காட்டியது இது: 30 சதவீதம் நீக்கினால் செல்கள் பருத்தே ஈடுசெய்துவிடுகின்றன, 70 சதவீதம் நீக்கும்போதுதான் பருப்பதோடு பிரியவும் செய்கின்றன. என்னை வியக்கவைத்தது இந்தச் சிக்கனம்தான். உடம்பு எளிய வழியை முதலில் தேடுகிறது.

ஐயந்தீரான் எழுதியது:

மடல் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். நன்றி. ஆனால் "பழைய நிறை திரும்பிவிடுகிறது" என்பதில் எனக்கு இன்னும் நிறைவில்லை. எலிக்குப் பத்து நாள். மனிதருக்கு? உண்மையில் அளந்தவர்கள் யாராவது உண்டா, அல்லது எலியை வைத்தே மனிதருக்கும் வாக்குறுதி கொடுக்கிறார்களா?

நிழற்படம் எழுதியது:

அளந்திருக்கிறார்கள். வட அமெரிக்காவில் பல மையங்கள் சேர்ந்து கொடையாளர்களையும் பெறுநர்களையும் தொடர்ந்து கண்காணித்த ஆய்வின் முடிவுகள் 2015இல் வெளிவந்தன. மூன்று மாத முடிவில் கொடையாளரின் ஈரல் பழைய அளவில் சராசரியாக 80 சதவீதத்தை எட்டியிருந்தது. பெறுநரிடம் வைக்கப்பட்ட பாகமோ அவருடைய உடலுக்கு உரிய அளவில் 93 சதவீதம். வேறு சில அளவீடுகளில் ஓராண்டு கழித்தும் கொடையாளர்கள் நூறைத் தொடவில்லை. ஆகவே "இரண்டு மாதத்தில் முழுதாக" என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னது மிகைதான். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல மாட்டேன். பல ஆண்டுகளாக ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டுத் தேய்ந்துபோன வாக்கியம் அது.

வேகமும் சீரானதன்று. வளர்ச்சியின் பெரும்பகுதி முதல் இரண்டு வாரத்திலேயே நடந்துவிடுகிறது, பிறகு மெதுவாகிவிடுகிறது. முதல் வாரத்தில் எடுத்த படத்தைப் பார்த்து மகிழ்ந்துவிடவும் கூடாது. பாய்ச்சல் மிகுதியால் உண்டாகும் வீக்கமும் அந்தக் கன அளவில் சேர்ந்திருக்கும். கோடு வரைகிற எனக்கு வீக்கத்தையும் புதுத் திசுவையும் பிரித்தறியும் வழி அந்தப் படத்தில் இல்லை.

ஐயந்தீரான் எழுதியது:

அப்படியானால் 20 சதவீதம் நிரந்தர இழப்பு. இதை ஒப்புதல் படிவத்தில் எழுத வேண்டாமா?

நிழற்படம் எழுதியது:

எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் இழப்பு என்ற சொல் பொருந்துமா என்பது வேறு. கல்லீரல் தன் பழைய அளவை நினைவில் வைத்துக்கொண்டு அதை எட்டப் பாடுபடுவதில்லை. உடலுக்குத் தேவையான அளவை நோக்கித்தான் வளர்கிறது. சிறிய நாயின் ஈரலைப் பெரிய நாய்க்கு வைத்தால் அது பெருக்கிறது. 1992இல் பிட்ஸ்பர்க்கில் தாமஸ் ஸ்டார்சலின் குழு பபூன் குரங்கின் ஈரலை மனிதருக்குப் பொருத்தியபோது, 70 நாட்களே உயிர்வாழ்ந்த அந்த நோயாளியின் உடலில் அது மனித அளவை நோக்கி வளர்ந்தது. நமக்குப் பிறவியில் கிடைத்த 100 சதவீதத்தில் தாராளமான உபரி உண்டு. 80இல் நின்றுவிட்ட கொடையாளரின் பிலிருபினும் ஐ.என்.ஆரும், ஈரல் தயாரிக்கும் புரதமான ஆல்புமினும் எல்லோருக்கும் இருப்பதைப் போலவே இருக்கும். அந்த ஆய்வுகளில் கூர்ந்து பார்த்தவர்கள் கவனித்த ஒன்று பிளேட்லெட் எண்ணிக்கை: அறுவைக்கு முன் இருந்ததைவிட ஆண்டுக்கணக்கில் சற்றுக் குறைவாகவே நீடிக்கிறது, பெரும்பாலும் இயல்பான எல்லைக்குள். மண்ணீரல் சற்றுப் பருத்துவிடுவது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

நான் கவலைப்படும் எண் மூன்றாம் மாதத்தில் வருவது அன்று. முதல் நாளில் இருப்பதுதான். மீதி மிகச் சிறிதாக இருந்தால் அந்த மும்மடங்கு வெள்ளமே செல்களை நசுக்கிவிடும். வளர்ச்சிக்கு உந்துதலாக இருப்பதும் அழிவுக்குக் காரணமாவதும் ஒரே பாய்ச்சல்தான். 30 சதவீத வரம்பு அதற்காகத்தான்.

கொழுப்பும் முக்கியம். 420 மி.லி.யில் பத்தில் மூன்று பங்கு கொழுப்பாக இருந்தால் வேலை செய்யும் ஈரல் 420 ஆகாது. எம்.ஆர்.ஐ. மூலம் தம்பியின் ஈரல் கொழுப்பை அளந்திருப்பார்கள். அந்த எண்ணைக் கேட்டுப் பெறுங்கள்.

முதல்தாய் எழுதியது:

நான் என் பதினோரு மாதக் குழந்தைக்குக் கொடுத்தவள். என்னிடமிருந்து எடுத்தது 2, 3 ஆகிய கூறுகள் மட்டும், மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. எனக்கு மஞ்சளும் ஏறவில்லை, பாஸ்பேட்டும் குறையவில்லை. 1989இல் பிரிஸ்பேனில் ரஸ்ஸல் ஸ்ட்ராங் ஒரு ஜப்பானியத் தாயிடமிருந்து எடுத்து அவருடைய மகனுக்கு வைத்து முதன்முதலாக வெற்றி கண்டதும் இத்தகைய சிறு பாகத்தைத்தான். பெரியவருக்குப் பெரியவர் கொடுக்கும் வலது மடல் அறுவை பின்னால் வந்தது, சுமையும் வேறு. என்னைப் போன்றவர்களின் அனுபவத்தை வைத்து உங்கள் தம்பிக்கு யாராவது தைரியம் சொன்னால் தயவுசெய்து இந்த வேறுபாட்டைக் கேளுங்கள். எனக்கு வந்த தொல்லை வேறு மாதிரி: வெட்டிய பரப்பில் இரைப்பை ஒட்டிக்கொண்டு, சாப்பிட்டது கீழே இறங்காமல் இரண்டு வாரம் அவதிப்பட்டேன். இடதுபக்கம் கொடுப்பவர்களிடம் இது அவ்வப்போது வரும் என்று பிறகுதான் தெரிந்தது.

ஐயந்தீரான் எழுதியது:

உயிரிழப்பைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை என்பதைக் கவனிக்கிறேன்.

நிழற்படம் எழுதியது:

பேசியிருக்க வேண்டும். 2013இல் வெளியான உலகளாவிய கணக்கெடுப்பில், 71 மையங்கள் தெரிவித்த 11,553 கொடையாளர்களில் 23 பேர் இறந்திருக்கிறார்கள். அதாவது ஆயிரத்தில் இருவர். ஐந்து கொடையாளர்களுக்கே மாற்றுக் கல்லீரல் தேவைப்பட்டது. நால்வரில் ஒருவருக்கு ஏதோ ஒரு சிக்கல் வந்திருக்கிறது. பித்தக்கசிவு, தொற்று போன்றவை, பெரும்பாலும் சிகிச்சைக்குக் கட்டுப்பட்டவை. இதில் எல்லா வகைக் கொடையும் சேர்ந்திருக்கிறது. வலது மடல் கொடைக்கு ஆபத்து இடது பக்கத்தைவிட அதிகம் என்றே கொள்ள வேண்டும். கணக்கெடுப்புக்குப் பதில் தந்தவை பாதி மையங்கள் மட்டுமே என்பதையும் நினைவில் வைக்கலாம்.

கடல்நுரை எழுதியது:

மன்னிக்கவும், பத்து நாட்களாக இந்தப் பக்கம் வர முடியவில்லை. இதையெல்லாம் அச்செடுத்துத் தம்பியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அவன் கேட்ட ஒரே கேள்வி கொழுப்பைப் பற்றியது. மருத்துவரிடம் கேட்டோம், 4 சதவீதம் என்றார். ஆயிரத்தில் இருவர் என்பதையும் அவரிடம் நேராகக் கேட்டான். அவர் மழுப்பவில்லை. தான் கொடையாளரை இழந்ததில்லை என்றும், அதனால் இனியும் இழக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் தம்பி கையெழுத்திட்டான். கொடையாளருக்காகத் தனியாக நியமிக்கப்பட்ட ஆலோசகர் என்னையும் அம்மாவையும் வெளியே அனுப்பிவிட்டு அவனிடம் அரை மணி நேரம் பேசினார். வேண்டாம் என்று தோன்றினால் கடைசி நிமிடத்தில்கூட மருத்துவக் காரணம் சொல்லி விலக்கிவிடுவோம், வீட்டாருக்கு உண்மை தெரியாது என்று அவர் சொன்னதாகத் தம்பி பிறகு என்னிடம் சொன்னான்.

அடுத்த வாரம் அறுவை.

மூன்றாம்வருடம் எழுதியது:

மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியை இப்போதே வாங்கி, மூச்சை உள்ளிழுத்துப் பந்துகளை உயர்த்திப் பழகச் சொல்லுங்கள். அறுவைக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே இழுக்கும் வலியில் ஆழ்ந்து மூச்சு விடத் தோன்றாது, நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாமல் சளி தேங்கிவிடும். பழகியிருந்தால் எளிது. வாழ்த்துகள்.

கடல்நுரை எழுதியது:

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். அப்பா வீட்டில் இருக்கிறார், வயிற்றில் நீர் இல்லை. தராசில் வந்த எடை 690 கிராம். நிழற்படம் ஐயா எடுத்துக்காட்டாகச் சொன்ன அதே எண்! தம்பிக்குப் பிலிருபின் இரண்டாம் நாள் 2.9 வரை போய் இறங்கியது. வடிகுழாயில் ஐந்தாம் நாள் பித்தம் கலந்து வந்ததால் குழாயை மூன்று வாரம் வைத்திருந்தார்கள், தானாக நின்றுவிட்டது. அந்த மூன்று வாரமும் அவன் குழாய்ப் பையை ஒரு துணிப்பையில் மறைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போய்வந்தான்.

நேற்று சி.டி. எடுத்தார்கள். 925 மி.லி. அவன் கணிப்பொறியில் வகுத்துப் பார்த்து, "78.4 சதவீதம்தான், முதல் வகுப்பு கிடைத்தும் மனம் ஆறவில்லை" என்கிறான். வேடிக்கையாகச் சொன்னாலும் உள்ளுக்குள் ஓர் ஏமாற்றம் இருக்கிறது. ஐயா, இது போதுமான அளவா? இனியும் ஏறுமா?

நிழற்படம் எழுதியது:

420 என்பது 925 ஆகியிருக்கிறது, இரண்டு மடங்குக்கும் மேல். பித்தக்கசிவு வந்தும் இவ்வளவு என்றால் நல்ல வளர்ச்சி. இனிச் சிறிது ஏறலாம், ஏறாமலும் போகலாம். இரத்த அறிக்கை இயல்பாக இருக்கும்வரை அதைப் பின்தொடர வேண்டியதில்லை.

நான் சொல்ல விரும்புவது வேறொன்று. அந்தப் படத்தின் குறுந்தகட்டையும், எது நீக்கப்பட்டது என்ற குறிப்பையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். தம்பியின் ஈரல் இப்போது இடதிலிருந்து வலப்புறமாக உருண்டு, காலியான இடத்தை நிரப்பியிருக்கும். வாயில்சிரை திரும்பியிருக்கும். வலது மடலோடு பித்தப்பையும் போயிருக்கும். இருபது ஆண்டுகள் கழித்து வேறொரு வயிற்றுவலிக்காக எங்கோ ஒரு ஊரில் ஸ்கேன் எடுத்தால், விவரம் அறியாத ஒருவர் அதைப் பார்த்து நோயென்று எழுதிவிடுவார். நானே ஒருமுறை, நோயாளி சொல்ல மறந்ததால், அரை மணி நேரம் ஒரு படத்தை உற்றுப் பார்த்துக் குழம்பியிருக்கிறேன். கடைசியில் அவருடைய சட்டையைத் தூக்கச் சொல்லித் தழும்பைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

கடல்நுரை எழுதியது:

குறுந்தகட்டின் உறைமேல் "வலது மடல், பித்தப்பை நீக்கம், கொடை" என்று எழுதச் சொன்னேன். "கொடை" என்ற சொல் வேண்டாம் என்று அடித்துவிட்டு, "அப்பாவிடம் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறான்.